மதுரையும் சூழ்ந்த குன்றங்களும்
(சுற்றுலாச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



கோடை விடுமுறை வந்தால் நம்மில் பலர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மதுரைக்குச் செல்கிறோம். திருக்கோயில், நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், கடைவீதி ஆகியவற்றைக் கண்டு ஊர் திரும்புகிறோம். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் தோழியருடன் அவ்வாறே சென்று வந்தேன். பின்னர் ஆசிரியையாகி மாணவியரை இருமுறை அழைத்துச் சென்றேன். அந்த மூன்று பயணங்களிலும் மதுரையைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளைப் பேருந்தின் சாளரம் வழியே பார்த்ததோடு சரி. அவற்றில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகே ஏறிப் பார்த்தேன். அங்கே நான் கண்டவை இரண்டு. ஒன்று, இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கும் பெயர்கள். மற்றொன்று, அவற்றின் அருகிலும் மேலுமாக அண்மைக்காலத்தில் வருவோர் போவோர் கீறிவிட்டுப் போன பெயர்கள். இவ்விரண்டின் வேறுபாட்டை நம் குழந்தைகளுக்கு எவ்வாறு உணர்த்துவது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பாடத்தின் நோக்கம்

இப்பயணம் முடிந்து வீடு திரும்பும் குழந்தை மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, பாறையில் உள்ள பழைய எழுத்து இன்னது என்று அடையாளம் காணுதல். இரண்டாவது, அங்கே பெயர் பெற்றவர்கள் யார், எதற்காகப் பெற்றார்கள் என்று கூறுதல். மூன்றாவது, அவற்றை இதுகாறும் காத்தவர்கள் யார் என்று உணர்தல்.

ஆயத்தம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. ஆகவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு பலகையையும் சுண்ணக்கட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய 'ப' என்னும் எழுத்தை எழுதுங்கள். பழந்தமிழ் எழுத்தாகிய தமிழ்ப் பிராமியிலும் 'ப' ஏறத்தாழ இதே வடிவந்தான். இடக்கை சற்றே நீண்டிருக்கும், அவ்வளவே. அடுத்துக் கூட்டல் குறியை எழுதி, இதுதான் அக்காலத்துக் 'க' என்று கூறுங்கள். நேராக நிற்கும் ஒரு கோடு 'ர' ஆகும். இம்மூன்றையும் அறிந்த குழந்தைக்குப் பாறையில் உள்ளது வெறும் கீறலாகத் தோன்றாது. எங்கே 'ப', எங்கே 'க' என்று அதன் கண் தேடத் தொடங்கிவிடும்.

காலங்களையும் இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ் உள்ள வட்டெழுத்துகள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்டு. பெரியவர்களும் இதனைக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மலை ஏறுதற்கு விடியற்காலையே ஏற்றது. வெயில் ஏறிய பின் பாறை காலைச் சுடும். வடிகட்டிய நீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டு செல்லுங்கள். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் நம் வழக்கம் இப்பயணத்திற்குப் பெரிதும் துணை செய்யும். இருட்டிய பின் மலையில் தங்க நேராது.

முதல் நாள்: நகரமும் கீழடியும்

முதல் நாளை நகரத்திற்கு அளியுங்கள். மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள் உள்ளன. இதனை முன்கூட்டியே சொல்லாமல், எத்தனை இருக்கும் என்று வினவி, குழந்தைகள் ஊகித்த பின் கூறுங்கள். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலில், இன்று நாம் காண்பது முழு அரண்மனையின் ஒரு பகுதியே என்பதை எடுத்துரையுங்கள். அரசர் கட்டிய மாளிகையும் அழியக்கூடியது என்பதனைக் குழந்தை உணர்வதற்கு அவ்விடம் ஏற்றது.

காந்தி அருங்காட்சியகம் ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959இல் தொடங்கப்பெற்றது. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அண்ணல் காந்தியடிகள் மேலாடையையும் தலைப்பாகையையும் நீக்கி அரையாடை பூண்டது இம்மதுரை மாநகரில்தான். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நாம் குழந்தைகளுக்குச் சொல்லால் விளக்குகிறோம். அவர் அதனை உடையால் விளக்கினார்.

பிற்பகலில் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடிக்குச் செல்லுங்கள். அங்கே 2023 மார்ச்சு மாதத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளன. ஏன் பானையில் பெயர் எழுதினார்கள் என்று குழந்தையைக் கேளுங்கள். "என்னுடையது என்று தெரிவதற்காக" என்று விடை வரும். நாம் இன்றும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோம் அல்லவா? அந்த விடையை மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் அது வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள் காலை: அழகர்மலை

அழகர்கோயிலுக்கு அனைவரும் செல்வர். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டி என்னும் சிற்றூரின் பக்கமாக ஒரு பெரிய குகைத்தளம் உள்ளது. ஊரார் அதனைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். மதுரைப் பகுதியில் துறவியர் கற்படுக்கைகள் பலவற்றுக்கும் மக்கள் இட்ட பெயர் இதுவே. பெயரைத் திருத்த முனைய வேண்டாம். அவ்வூரார் அதனைப் போற்றும் முறை அது.

குகையில் மூன்றினைக் காட்டுங்கள். முதலாவது கற்படுக்கை. பாறை வழவழப்பாகச் செதுக்கப்பட்டு, தலைமாட்டில் தலையணை போல் சற்றே உயர்ந்திருக்கும். இரண்டாவது, குகையின் நெற்றியில் நீளமாக வெட்டப்பட்ட காடி. மழைநீர் பாறையின் மேலிருந்து வழிந்து உள்ளே புகாமல் அந்தக் காடியிலேயே தங்கி வெளியே சொட்டிவிடும். பெரிய கருவி எதுவுமின்றி உளியால் செய்த இந்த ஏற்பாடு இன்றும் பயன் தருகிறது. மூன்றாவது எழுத்துகள்.

அவ்வெழுத்துகளில் உள்ள பெயர்கள் யாருடையவை? உப்பு வணிகன் ஒருவன்; வெல்லப்பாகு விற்ற வணிகன் ஒருவன்; ஏர்க்கொழு விற்ற வணிகன் ஒருவன்; மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு என்பதை 'உபு' என்றே பொறித்துள்ளனர். இரட்டித்து வரும் மெய்யை ஒருமுறை மட்டும் எழுதுவது அக்கால வழக்கம். பொற்கொல்லனின் பெயர் ஆதன். நேற்றுப் பானை ஓட்டில் பார்த்த அதே பெயர். ஆள் வேறாக இருக்கலாம், பெயர் ஒன்றுதான்.

இங்கே முதல் நாள் விடையை நினைவூட்டுங்கள். பானையில் பெயர் எழுதியவன் 'இது என்னுடையது' என்பதற்காக எழுதினான். பாறையில் பெயர் பெற்றவனோ தான் படுக்காத படுக்கைக்காகப் பெயர் பெற்றான். துறவியர் தங்குவதற்கு அவன் கொடுத்த பொருளுக்கே அந்த எழுத்து சான்று. நம் சமயத்தில் தானம் நான்கு வகைப்படும் என்று குழந்தைகள் பாடம் பண்ணியிருப்பார்கள்: உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம். அடைக்கல தானத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதனைச் செய்தவர்களுள் உப்பு விற்றவரும் இருந்தார்.

அரசர் தொடர்புடைய குகையும் அருகில் உண்டு. மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னனின் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் பெயரும் காணப்படுகின்றன. இராபர்ட்டு சுவெல் என்பவர் 1882இல் அவ்வெழுத்துகளைக் கண்டறிந்தார். அவை தமிழே என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். கண்ணில் பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இது நம் மொழி என்று தெளிவாகாமல் இருந்தது என்பதனைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை: யானைமலை

திரும்பும் வழியில் மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையின் அருகே, யானை படுத்திருப்பது போன்ற ஒரே பாறையாக நிற்பது யானைமலை. அதன் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது. கி.பி. 770இல் மாறன்காரி என்னும் பாண்டிய அமைச்சன் அதனை எடுப்பித்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. சற்று மேலே, பாறையின் முகப்பில் தீர்த்தங்கரர், பாகுபலி, இயக்கியர் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன. முக்குடையைக் கண்டால் தீர்த்தங்கரர், நாகத்தின் படம் கவித்திருந்தால் பார்சுவநாதர், கால்களில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி என்று குழந்தைகளையே இனங்காணச் செய்யுங்கள்.

இத்திருமேனிகளின் கீழே உள்ள வட்டெழுத்தில் அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் வருகிறது. இவர் பெயர் யானைமலையில் மட்டுமன்று. அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம் முதலிய இடங்களிலும், வடக்கே வள்ளிமலையிலும் காணப்படுகிறது. மலைமலையாக நடந்து திருவுருவங்களைச் செய்வித்த பெருமகனார் அவர்.

அப்பெயருக்குப் பின்னால் உள்ள ஒரு சொல்லையே நான் குழந்தைகளுக்குச் சிறப்பாகச் சொல்வேன். 'ரட்சை' என்பது அச்சொல். காவல் என்பது அதன் பொருள். யானைமலைத் திருமேனி ஒன்று நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காவலில் விடப்பட்டிருக்கிறது. அச்சபையார் அடிவாரத்துப் பெருமாளை வழிபட்ட ஊரைச் சேர்ந்தவர்கள். நம் முனிவர் திருமேனியைச் செய்வித்தார். அண்டை ஊரார் அதன் காவலை ஏற்றனர். சமயங்களிடையே பூசல் இருந்த காலங்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இதுவும் அக்காலத்தில் நடந்ததுதான். இதனையும் சேர்த்தே குழந்தைக்குச் சொல்ல வேண்டும்.

இன்றைய காவலர்கள்

மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி என்னும் ஊர் உண்டு. இன்னொரு நாள் கிடைப்பின் அங்கும் செல்லுங்கள். அங்கே கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமி எழுத்தும், அமர்ந்த நிலையில் தீர்த்தங்கரர் திருமேனியும், சிவபெருமானுக்கு எடுத்த குடைவரைக் கோயிலும் உள்ளன. அத்திருமேனியும் அச்சணந்தி செய்வித்ததே. பாதிரிக்குடியார் என்னும் ஊராரின் காவலில் விடப்பட்டதே.

அந்தக் காவல் பெயரளவில் நின்றுவிடவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் அடுத்துள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024ஆம் ஆண்டு அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் விடப்பட்டது. செய்தி அறிந்ததும் உழவரும் பெண்டிரும் மாணவரும் திரண்டனர். அந்த ஆண்டு டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரியில் ஊரார் பெருந்திரளாக மதுரை நோக்கி நடந்தனர். அதே மாதத்தில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அவ்வூர்களில் நம்மவர் குடும்பங்களைத் தேடினால் கிடைப்பது அரிது. தங்கள் வயலுக்காகவும், கண்மாய்க்காகவும், தெய்வத்துக்காகவும், மலைக்காகவும் அவர்கள் நின்றனர். மலை காக்கப்பட்டபோது அதில் அமர்ந்த தீர்த்தங்கரரும் காக்கப்பட்டார். அதே வட்டாரத்தில் கருங்கல் வெட்டியதால் உருக்குலைந்த குன்றுகளைச் சாலையிலிருந்தே காணலாம். அதையும் இதையும் அடுத்தடுத்துக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

மூன்றாம் நாள்: சமணர் மலை

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் கீழக்குயில்குடி உள்ளது. அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் ஐயனார் கோயிலும் கண்ணுக்கு இனியவை. முதலில் அங்கே சென்று ஊராருக்கு வணக்கம் கூறிவிட்டு ஏறுங்கள்.

மலையின் ஒரு புறத்தில் உள்ளது செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வெளியே அமர்ந்துள்ள பெரிய தீர்த்தங்கரர் உருவத்தை ஊரார் செட்டியார் என்று எண்ணியதால் வந்த பெயர் இது. உள்ளே சிங்கத்தின் மீதமர்ந்து யானைமேல் வரும் பகையை எதிர்க்கும் இயக்கியின் சிற்பம் உண்டு. மற்றொரு புறம், படி வழியே ஏறினால், சுனையருகே பேச்சிப்பள்ளம். அங்கே எட்டுத் திருவுருவங்கள் ஒரே வரிசையில் உள்ளன. அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்னும் பள்ளி இருந்த இடத்தின் அடித்தளம் எஞ்சியுள்ளது.

இம்மலையின் எழுத்துகளில் ஆசிரியரும் மாணாக்கரும் வருகின்றனர். குணசேன தேவர் என்பார் இப்பள்ளியின் தலைவர். அவருடைய மாணாக்கர் திருமேனி செய்வித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளி என்னும் சொல் துறவியர் உறைவிடத்தையும் குறிக்கும், கல்விக்கூடத்தையும் குறிக்கும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணிபுரிந்த எனக்கு அச்சொல் பிறந்த வீட்டைக் கண்டது போல் இருந்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன் என் பேரனை இம்மலைக்கு அழைத்துச் சென்றேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பேச்சிப்பள்ளத்தில் நான் சுனையருகே இளைப்பாறிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவன் கூரிய கல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, திருவுருவங்களின் அருகே பாறையில் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறத் தொடங்கியிருந்தான். நான் சினந்து கூவினேன். அவன் அஞ்சவில்லை. "பாட்டி, இங்கே முன்னமே யாரோ கிறுக்கியிருக்கிறார்களே!" என்றான். அவன் விரல் காட்டிய இடத்தில் இருந்தது வட்டெழுத்து.

என் சினம் அடங்கிவிட்டது. பிழை அவனுடையதன்று. எழுத்தென்று எவரும் சொல்லித் தராத குழந்தைக்கு அது கிறுக்கல்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவித்த நான், என் வீட்டுப் பிள்ளையை ஆயத்தம் எதுவுமின்றி அங்கே கொண்டு நிறுத்தியிருந்தேன்.

அவனை அருகில் அமர்த்தி, நூலில் படித்து அறிந்ததைச் சொன்னேன். அவ்வரிசையில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் குணமதியார். அவர் யாரெனில், அச்சணந்தி முனிவரின் தாயார். மகன் வீட்டை விட்டுத் துறவு பூண்டார். மலைதோறும் திருவுருவம் செய்வித்தார். தாயும் தன் பங்கிற்கு ஒன்று செய்வித்தார். கல்லில் அவர் பெயருக்கு முன்னே நிற்பது, அவர் இன்னாருடைய தாய் என்னும் செய்தி. கேட்டுக்கொண்டிருந்த பேரன், "அந்த அம்மா பெயரையா நான் கிறுக்கல் என்றேன்?" என்று கேட்டான். கையிலிருந்த கல்லைத் தானே கீழே போட்டான். அவன் கீறிய அரை எழுத்து மட்டும் அழியவில்லை. நீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. என் கவனக்குறைவுக்குச் சான்றாக அது இன்றும் அங்கே இருக்கும்.

செய்யத்தகாதன

பாறையில் கல்லாலும் கரியாலும் எழுதலாகாது. மத்திய தொல்லியல் துறையின் காவலில் உள்ள சின்னங்களைச் சிதைப்போருக்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்ச ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ சட்டப்படி உண்டு.

நம்மவர் பக்தியால் செய்யும் பிழைகளையும் சொல்லியாக வேண்டும். திருமேனிகளுக்கு எண்ணெய் பூசுதல், சந்தனமும் குங்குமமும் அப்புதல், குகைக்குள் விளக்கேற்றிப் புகை படியச் செய்தல், எழுத்து படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியால் அதன்மேல் எழுதுதல் ஆகியன அனைத்தும் கல்லுக்குக் கேடு. கைகூப்பி வணங்குங்கள், அதுவே போதும். கொண்டு சென்ற பையிலேயே குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பயிற்சி

வீடு திரும்பிய பின் குழந்தைகள் எழுதி விடை தருக:

1. பழைய 'ப', 'க', 'ர' ஆகியவற்றின் வடிவங்களை வரைக.
2. பானை ஓட்டில் உள்ள பெயருக்கும் குகையில் உள்ள பெயருக்கும் வேறுபாடு யாது?
3. அழகர்மலையில் பெயர் பெற்ற தொழிலாளர், வணிகர் நால்வர் யாவர்?
4. ரட்சை என்றால் என்ன? யானைமலையில் அதனை ஏற்றவர் யார்?
5. அரிட்டாபட்டியில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததை ஐந்து வரிகளில் எழுதுக.
6. குணமதியார் யார்?

பெற்றோருக்கும் ஒரு வினா உண்டு. நம் ஊர் ஜினாலயத்தின் சுவரிலோ, தூணிலோ, வாயிற்படியிலோ உள்ள பழைய எழுத்தை உங்கள் குழந்தைக்கு ஒருமுறையேனும் படித்துக் காட்டியிருக்கிறீர்களா? இல்லையெனில், மதுரைப் பயணத்திற்கு முன்பாக வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அதிலிருந்து தொடங்குங்கள். நான் அவ்வாறு தொடங்காமற் போனதால் வந்த குறையை மேலே எழுதிவிட்டேன்.